அஞ்சாமைக் குற்றம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனை இருக்கை சாய்ந்தபோது சுயம்பு பல் குத்திக்கொண்டிருந்தான். இருக்கை இடப்பக்கமாகச் சாய்ந்து ஒரு கணம் அப்படியே நின்று நிமிர்ந்தது. அவன் குச்சியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. சுவர்ப் பலகையில் இருபத்து மூன்று என்று வந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாற்பதுக்குக் கீழே போனவனைத் 'தட்டை' என்பார்கள். தட்டையானவனுக்கு ஒரு வாரத் தவணை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் உட்கார வேண்டும். அன்றைக்கும் நாற்பதைத் தொடாவிட்டால் அவனுடைய கவைத்தூக்கியில், அதாவது ஃபோர்க்லிஃப்ட் வண்டியில், வேறொருவன் ஏறுவான். பதினெட்டு வருஷம் ஓட்டியவன், வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பான். போன மாதம் அப்படி இரண்டு பேர் வாசலுக்குப் போனார்கள். சுயம்பு தினமும் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே வருகிறான். கண்ணைப் பார்ப்பதில்லை.

இருக்கைமேல் விரித்திருக்கும் கறுப்பு விரிப்புக்கு நடுக்கமானி என்று பெயர். ஓட்டுநர்கள் மெத்தை என்பார்கள். தோசை கனம்கூட இருக்காது.

அது வருவதற்கு முன்பு எத்தனையோ செய்து பார்த்தார்கள். கவைத்தூக்கி என்பது கொஞ்சம் கோணலான பிராணி. நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளியில்தான்: முன் சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடு ஒன்று. அந்த முக்கோணத்துக்குள் எடை இருக்கும்வரை வண்டி நிற்கும். எடை வெளியே போனால் கவிழும். கிடங்கின் சிமெண்டுத் தரையில் அது சாது. கட்டுமானத் தளத்தின் மேடுபள்ளத்தில் அப்படியில்லை. சாய்மானி வைத்தார்கள், வண்டி சாய்ந்த பிறகு சாய்ந்துவிட்டது என்று அது சொன்னது. தரைக்குள் அலை அனுப்பிப் பார்த்தார்கள். மேலே காய்ந்து அடியில் களியாகக் கிடக்கும் நிலத்தை அது கெட்டித்தரை என்றது. கடைசியில் யாரோ ஒருவர், கவிழ்ந்த வண்டிகளின் ஓட்டுநர்களை அளந்து பார்த்தார். ஒவ்வொருவனுக்கும், வண்டி சாய்வதற்கு ஒன்றரை நொடி முன்னால், அவனுக்கே தெரியாமல் தொடையும் இடுப்பும் இறுகியிருந்தன. எந்தக் கருவிக்கும் தெரியாதது அவன் பின்பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த இறுக்கத்தைப் படித்து வண்டியை நிறுத்துவதுதான் மெத்தையின் வேலை. வேண்டுமென்று இறுக்கினால் அது ஏமாறாது. உண்மையான பயம் வேறு மாதிரி துடிக்குமாம்.

மெத்தை கட்டுமானத் தளத்தோடு நிற்கவில்லை. தூத்துக்குடி பேருந்துகளின் நெற்றியில் 'ஓட்டுநர் பயப்படுகிறவர்' என்று எழுதி, அவருடைய பயத்தின் எண்ணையும் போட்டார்கள். அறுவை மருத்துவர்களின் முக்காலியில் விரித்தார்கள். பள்ளிக்கூடச் சுவர்களில், பிள்ளைகளிடம் பயப்படாதே என்று சொல்லாதீர்கள் என்ற சுவரொட்டி வந்தது. எழுபதுக்குமேல் எண்ணுள்ள மாப்பிள்ளை வேண்டும் என்று மணமகன் தேவை விளம்பரத்தில் கேட்டார்கள். சுயம்புவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம். ஆனாலும் அவன் எண் எண்பதாக இருந்த காலத்தில் அவன் மனைவி பட்டுக்கனி அதைத் தெருவில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லியிருக்கிறாள்.

இப்போது இருபத்து மூன்று. காரணம் யாருக்கும் தெரியாததல்ல, யாரும் எழுதி வைக்காதது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டி தானாக நிற்கிறது. நின்று நின்று காப்பாற்றுகிறது. எதுவும் ஆகாது என்று நாலைந்து வருஷத்தில் தொடை கற்றுக்கொள்கிறது. பிறகு அது எதற்கு இறுக வேண்டும்?

அந்த வாரம் சுயம்புவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விபத்துப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சாப்பிட முடிந்தது. ஐந்து மாடி உயரத்துச் சாரத்தில் ஏறி விளிம்பில் நின்றான். கடல் தெரிந்தது, காற்று நன்றாக இருந்தது, இறங்கிவிட்டான். வண்டியில் பாரத்தை எப்போதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் கொண்டுபோக வேண்டும். அவன் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். சரிவில் திரும்பக் கூடாது, திரும்பினான். எண் இருபத்து மூன்றிலேயே கிடந்தது. தப்பாக ஓட்டுவதும் இரண்டு நாளில் பழகிவிட்டது.

கூட வேலை செய்கிறவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அந்தத் தளத்தில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. 'பாத்து' என்று யாரும் சொல்லக் கூடாது. பாத்து வா, பாத்துப் போ, பாத்து இறக்கு, எதுவும். மெத்தை வந்த புதிதில் யாராவது பக்கத்தில் நின்று அப்படிச் சொன்னால் ஓட்டுநருக்குச் சும்மாவே திக்கென்று ஆகி, வண்டி நல்ல தரையில் நின்றுபோனது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நின்றது. அதனால் சொல்லைத் தடை செய்தார்கள். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய சொல்லை விழுங்கிக்கொள்ள எல்லாருக்கும் மாசக்கணக்கானது. இப்போது சுயம்புவின் எண்ணை ஏற்றுவதற்காக, மேற்பார்வையாளர் இல்லாத நேரம் பார்த்து, ஆளாளுக்கு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து அந்தச் சொல்லைக் கத்தினார்கள். கழிப்பறைக்குப் போனாலும் கத்தினார்கள். புதன்கிழமை ஒரு தடவை இருபத்தைந்தைத் தொட்டான். வியாழக்கிழமை எல்லாரும் சிரித்துக்கொண்டே கத்தினார்கள், அவனும் சிரித்தான், எண் இறங்கிவிட்டது.

பிரகாசியும் கத்திப் பார்த்தாள். அவள் கைகாட்டி. வண்டிக்கு முன்னால் நடந்து, கையால் வழி காட்டுகிறவள். மெத்தை வந்த பிறகு கைகாட்டிகள் யாருக்கும் தேவைப்படவில்லை, சட்டத்தில் இருப்பதால் வைத்திருந்தார்கள். ஓட்டுநர்கள் அவள் கையைப் பார்ப்பதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. அந்த நிலம் முன்பு உப்பளம். சரள் மண் கொட்டி நிரவி, மேலே மின்கலக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் கொட்டுவதற்கு முன் ஆறு வருஷம் அங்கே உப்பு வாரியவள் பிரகாசி. எந்த இடத்துக்கு அடியில் களிப் பாத்தி, எந்த இடத்துக்கு அடியில் கெட்டி வரப்பு என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது சுயம்பு அவளிடம், அவளுக்கு இந்தத் தரையில் பயம் வருமா என்று கேட்டான்.

"வராம? இந்தா இப்பக்கூடத்தான் வருது."

"தெனமும் நடக்கியே. இன்னுமா?"

"எனக்கு மெத்தை இல்லலா அண்ணே. காலுதான் இருக்கு."

அவன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். உட்கார முடியவில்லை. கொடுத்துவைத்தவள் என்று நினைத்தான். அப்படி நினைத்தது பிறகு அவனுக்கு ஞாபகம் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, சோதனைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கான்கிரீட் கற்கள் அடுக்கிய பலகைத்தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிடங்குப் பக்கம் போனான். இரண்டு டன். இடுப்பு உயரம். பிரகாசி முன்னால் நடந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி நின்றிருந்த இடத்தை நெருங்கியபோது அவள் நின்றாள். சரள் வறண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு முழ நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. அதற்கு அடியில் பாத்தி முடிந்து வரப்பு தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். கையைத் தூக்கினாள். வண்டி வந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, பாத்து" என்றாள்.

சுயம்புவுக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. கடைசி நேரத்திலும் தனக்காகத் தடையை மீறுகிறாளே என்று நினைத்தான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு தாயி. இருவத்தி நாலாச்சும் ஆவட்டும்."

"வெளாட்டு இல்ல. பாத்து."

அவன் சிரித்தான். மெத்தை அவன் தொடையைக் கேட்டது. தொடை நிம்மதியாக இருந்தது. தரை நல்ல தரை என்று முடிவு செய்து வண்டியை விட்டது.

இடது முன்சக்கரம் இறங்கியது. வேகமாக எல்லாம் இல்லை, சோற்றில் கரண்டி இறங்குவது மாதிரி. எடை முக்கோணத்தை விட்டு வெளியே போனது. கவிழும் வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது, ஸ்டியரிங் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு விழும் பக்கத்துக்கு எதிராகச் சாய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்ததை அவன் ஒழுங்காகச் செய்தான். செய்யும்போதும் நிதானமாகவே இருந்தான். கற்கள் பலகைத்தட்டோடு சரிந்தன. பிரகாசி ஓடினாள். ஓட இடம் போதவில்லை.

அவள் சத்தத்தைக் கேட்டபோதுதான் அவன் உடம்பில் ஏதோ நடந்தது.

பிரகாசியின் வலது பாதத்தில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

விசாரணை அரை நாளில் முடிந்தது. பாதுகாப்பு அலுவலர் ஞானதுரை மெத்தையின் பதிவைத் திரையில் போட்டுக் காட்டினார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். சக்கரம் இறங்கும்போது எண் இருபத்திரண்டு. வண்டி முப்பது பாகை சாய்ந்தபோதும் இருபத்திரண்டு. ஓட்டுநர் பயப்படவில்லை. ஓட்டுநர் பயப்படாத தரை பாதுகாப்பான தரை என்பதுதான் நடுக்கமானியின் அடிப்படை. எனவே தரையில் குற்றமில்லை, கருவியிலும் குற்றமில்லை. குற்றம், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்தது. விதிப்புத்தகத்தில் அதற்கு 'அஞ்சாமை' என்று பெயர், பதினேழாம் பிரிவு. பாரத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் போனதைப் பற்றி ஒரு வரி இருந்தது, அடிக்குறிப்பாக.

அஞ்சாமைக்கு இருக்கையைப் பறிப்பதுதான் தண்டனை. தண்டனைக்கு முன் ஒரு தடவை சோதனை இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் விதி. சுயம்பு உட்கார்ந்தான். இருக்கை அசைந்ததுமே தொண்ணூற்று நான்கு வந்தது. அந்தத் தளத்தில் அவ்வளவு யாரும் எடுத்ததில்லை. ஞானதுரை பிரிவுகளைப் புரட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு உள்ளவனிடமிருந்து இருக்கையைப் பறிக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை.

மருத்துவமனையில் பிரகாசி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"நான் சொன்னேம்லா" என்றாள்.

"எனக்காகக் கத்துதன்னு நெனச்சேன்."

"ஒங்களுக்காகத்தான் கத்துனேன்." காலைத் தலையணைமேல் சற்று நகர்த்திக்கொண்டு, "இப்ப நம்பர் எத்தன?" என்று கேட்டாள்.

சொன்னான்.

"மூணு வெரலுக்குத் தொண்ணூத்தி நாலு. நல்ல வெலதான் அண்ணே." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு அவன் ஓட்டிய விதத்தைப் பார்க்கப் பக்கத்துத் தளங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டி ஐந்தடிக்கு ஒரு தடவை நின்றது. சிமெண்டு போட்ட இடத்தில்கூட நின்றது. ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கிப் போய்க் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்துவிட்டு ஏறினான். பாரத்தை ஒரு சாணுக்கு மேல் தூக்கவில்லை. சரிவில் ஏறும்போது பாரத்தை மேட்டுப் பக்கமாக வைத்து நேராக ஏறி, பின்னோக்கி நேராக இறங்கினான். வேலை மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் சரியாக நடந்தது. ஆனாலும் மாதம் போகப்போக வண்டி பத்தடிக்கு ஒரு தடவை நின்றது, பிறகு ஐம்பதடிக்கு. எதுவும் ஆகவில்லை என்பதைத் தொடை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. பதினோராம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பலகையில் முப்பத்தெட்டு.

தட்டை.

இந்த முறை ஞானதுரை அவனைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தினார். அறையிலேயே ஒரு சோதனை இருக்கை போட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார். நிறுவனம் அவனுடைய பழைய பதிவை நன்றாக ஆராய்ந்ததாகச் சொன்னார். அவன் ஒருவனுடையதை மட்டுமல்ல, எழுநூறு பேருடையதை. வண்டி கவிழ்ந்தபோது யாருக்கும் எண் ஏறவில்லை; தன் உயிர் போகும் என்ற பயம் மெத்தைக்குப் பழகியவனிடம் மிச்சமில்லை. எதிரே ஒரு ஆள் அகப்பட்டுக்கொண்டபோதுதான் ஏறியிருக்கிறது. அதுவும் வேண்டிய ஆளாக இருந்தால் ரொம்ப ஏறியிருக்கிறது. அதனால் தட்டையானவனின் எண்ணைப் புதுப்பிக்கும் முறையை மாற்றுகிறார்கள். உண்மையான தரை, உண்மையான பாரம், எதிரே உண்மையான ஆள். பாரம் ஒரு கட்டத்துக்குமேல் சரியாது, சங்கிலி போட்டிருக்கும். சங்கிலி போட்டிருப்பது ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் பழகிய தோஷத்துக்குச் சொல்கிறேன் என்றார். உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தார். அச்சடித்த படிவம். மேலே ஓட்டுநர் பெயர். அதற்குக் கீழே, கல்யாணப் பத்திரிகையில் போடுவது மாதிரி, 'முன்னிலை' என்று போட்டு ஒரு கோடு. முன்னால் நிற்கப்போகிறவர்.

சுயம்பு பேனாவை எடுத்து ஞானதுரையின் பெயரை எழுதினான்.

ஞானதுரை கோபப்படவில்லை. "வேண்டிய ஆளா இருக்கணும்ணே. நான் செத்தா நீங்க ஒரு நாள் லீவு போடுவீங்க, அவ்வளவுதான். மெத்தை கண்டுபிடிச்சிரும்."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எண் வந்ததுமே அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி விளக்கம் சொன்னதாகவும், வீட்டில் உடனே சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். முன்னிலை என்ற சொல்லுக்கு எதிரே பட்டுக்கனி என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். ட்டு எழுதும்போது வாலைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழிப்பாள். வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்தடி ஒன்று. நிற்க வேண்டிய இடம் என்ற கட்டத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

சுயம்பு அங்கிருந்தே அவளைப் போனில் கூப்பிட்டான். அவள் அடுப்படியில் இருந்தாள், தாளிக்கும் சத்தம் கேட்டது.

"நீ எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"ஓட்டுத சீட்டு போயிரும்னாங்க. வாசல்ல போய் நிக்கப் போறீங்களா?"

"என்னன்னு கேட்டுட்டுத்தான் போட்டியா?"

"கேட்டேன். நிக்கத்தானே சொல்லுதாவ. பஸ்ஸுக்கு நிக்கலியா? நீங்க ஓட்டுத வண்டி, எனக்கென்ன பயம்?"

அவள் அதைச் சொல்லும்போது அவன் சோதனை இருக்கையில் உட்கார்ந்திருந்தான். இருக்கை சாயவில்லை. யாரும் அதை இயக்கவே இல்லை. பலகை மட்டும் தானாக எரிந்தது. ஐம்பது, அறுபத்தாறு, எண்பத்தெட்டு.

ஞானதுரை அதைக் குறித்துக்கொண்டார். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. புதுப்பிப்பு முடிந்தது, இனி பட்டுக்கனி மைனி வர வேண்டியதில்லை என்றார். படிவத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "காகிதம் ஒரு தடவைதான் வேலை செய்யும். அடுத்த தடவை அவங்க வந்துதான் ஆகணும்."

அன்றைக்கு முழுக்கச் சுயம்பு வண்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்தான். எண்பத்தெட்டை இறங்கவிடாமல் வைத்திருந்தால் அடுத்த தடவை என்று ஒன்று வராது. எனவே, எண் அசைவது போல் தோன்றும்போதெல்லாம், பட்டுக்கனி வண்டிக்கு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டான். முதல் தடவை நினைத்தபோது வண்டி நட்டுவைத்தது போல நின்றது. அவன் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். இரண்டாவது தடவையும் நின்றது. நாலாவது தடவை அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஏழாவது தடவை கல் எந்தப் பக்கமிருந்து சரிந்தது என்பதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தான். பத்தாவது தடவை அவள் கீழே கிடந்தாள், அவன் கை ஸ்டியரிங்கில் இருந்தது, வண்டி வேகத்தைக் குறைத்ததே தவிர நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்கு முன் எண்ணைப் பார்த்தான். எண்பத்தாறு.